சீசன் நிரல் வந்தாச்சு: முதலில் யார் பெயரைத் தேடுவீர்கள்?

நங்கநல்லூர்க்காரி

மார்கழி சங்கீத சீசன் நிரல் ஒவ்வொரு சபாவாக வர ஆரம்பித்துவிட்டது. மியூசிக் அகாடமி பெரிய மேடையில் டிசம்பர் 15 தொடங்கி ஜனவரி 1 வரை யார் யார் என்று எங்கள் வீட்டு வாட்ஸ்அப்பில் கூட ஒரே அலசல். யாருக்குச் சாயங்காலக் கச்சேரி, யார் நாலு மணிக்கு, இவருக்கும் அவருக்கும் ஒரே நாளில் இடிக்கிறதே என்ற கவலை வேறு. எனக்கும் இந்த ஆசை தீராது. ஆனால் நான் நிரலைப் படிக்கும் முறையே இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலத்தில் மாறிப்போனது.

அன்று போனது பாடகருக்காகத்தான். ஒரு மாதமாக அவருடைய பழைய கேசட்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டுவிட்டுப் போயிருந்தேன். முதல் உருப்படியான வர்ணத்திலேயே தெரிந்துவிட்டது, தொண்டை கட்டியிருக்கிறது. மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ஸ-வில், நிற்கப் போனால் குரல் பிளந்தது. பக்கத்தில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். நானும் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தேன்.

அப்போது தோடி ராகம் எடுத்தார். கீழேயும் நடுவிலுமாகவே சஞ்சாரம் செய்துவிட்டு, மேலே ஏறாமல் முடித்தார். அடுத்து வயலின். வயலினுக்குத் தொண்டை கட்டாது. மேலே போய் வில்லை நீட்டி இழுத்திருந்தால் சபை கைதட்டியிருக்கும். அவர் போகவில்லை. பாடகர் எந்த எல்லைக்குள் நின்றாரோ அதற்குள்ளேயே நின்றார். காந்தாரத்தை அசைத்து, விட்டு, மறுபடி அசைத்து, இந்த ஒரு ஸ்வரத்துக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று நினைக்க வைத்தார். ஐந்து நிமிடம் இருக்கும். முடித்தபோது பாடகர் அவர் பக்கம் திரும்பி, கையை நெஞ்சில் வைத்து எடுத்தார். அதற்குப் பிறகு ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடின நிரவல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பாடகர் விட்ட இடத்தையெல்லாம் வில் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே வந்தது.

அந்த வயலின்காரர் பெயர் எனக்கு அன்றைக்குத் தெரியாது. நிரலில் பாடகர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது, நான் படிக்கவே இல்லை. அதிலிருந்து நிரல் கைக்கு வந்ததும் பென்சிலோடு உட்கார்ந்து அந்தச் சின்ன எழுத்தைத்தான் முதலில் படிக்கிறேன். வயலின் யார், மிருதங்கம் யார், கடமா கஞ்சிராவா. பாடகர் பெயர் அதற்கப்புறம்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தஞ்சாவூர் தம்பி

அக்கா, மிருதங்கம் கற்றுக்கொள்கிறவன் என்பதால் எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்.

மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்குப் போகிற கூட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். போன வருடம் ஒரு மதியக் கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாடகி தாளத்தைக் கையில் வாங்கி, மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்ததும் நாற்காலிகள் கிறீச்சென்றன. கால்வாசி அரங்கம் காலி. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆதி தாளத்தில் முதல் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, இடப்பக்கத் தோலான தொப்பியை மட்டும் தடவிக் கொடுத்தார், வலப்பக்கத் தோலான வலந்தலையில் ஒரு சொல் கூட விழவில்லை. அந்தக் கும்மென்ற கும்காரத்தைக் கேட்டு, கதவுவரை போன ஒரு பெரியவர் நின்றார். அப்படியே சுவரில் சாய்ந்து, தொடையில் தாளம் போட்டபடி கடைசிக் கோர்வை முடிகிறவரை கேட்டார். நான் மேடையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாத்தியத்துக்குப் பின்னால் எவ்வளவு வேலை தெரியுமா? கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பி நடுவில் அப்ப வேண்டும். கொஞ்சம் கூடினால் சத்தம் அமுங்கும், குறைந்தால் கும்காரம் வராது. பாடகிகளுக்குப் பெரும்பாலும் ஐந்து கட்டைப் பக்கம், ஆண்களுக்கு ஒரு கட்டைப் பக்கம் ஸ்ருதி இருக்கும். அதனால் ஒரே மிருதங்கத்தை எல்லோருக்கும் வாசிக்க முடியாது. ஹெச்சு ஸ்ருதிக்கு, அதாவது உயர்ந்த ஸ்ருதிக்கு ஒன்று, தக்கு ஸ்ருதிக்கு, அதாவது தாழ்ந்த ஸ்ருதிக்கு ஒன்று தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரே நாளில் இரண்டு சபாவில் வாசிக்கிறவர்களை ஆட்டோவில் பாருங்கள், மடியில் ஒன்று, காலடியில் ஒன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்காக மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம், வயலின் இடப்பக்கம் உட்காருவது வழக்கம். அந்தக் கால மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் வாசித்தால் இந்த ஏற்பாடே மாற வேண்டும், வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்திருக்கிறார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை விடாமல் தன் கச்சேரிகளில் வாசிக்க வைத்தார். ஒரு பாடகர் யாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார் என்பதைப் பார்த்தாலே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியும் என்று என் குருநாதர் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சொல்வார்.

யாழ்ப்பாணம் – டொராண்டோ

நான் மூன்று வருசத்துக்கு ஒருக்கா அம்மாவோட சென்னைக்கு வாறனான். பன்னிரண்டு நாள்தான் லீவு. அதால ஒரு கச்சேரியும் வீணாப் போகக்கூடாது எண்டு முதல் தடவை பெரிய ஆயத்தம் செய்தனான். பெரிய மேடையில பாடுற எல்லாருடைய பதிவுகளையும் ஒக்டோபர்ல இருந்தே கேட்டு, எந்த ஆள் எந்த ராகம் நல்லாப் பாடுவார் எண்டு கொப்பியில எழுதி வச்சனான்.

என்ன நடந்தது தெரியுமோ? முதல் நாள் பாடினவர் ஒரு ராகத்தைத் தொடங்கினதும், நான் கேட்ட பதிவோட ஒப்பிட்டுக்கொண்டே இருந்தன். அதில இந்த இடத்தில இப்பிடிப் போவார், இப்ப ஏன் போகேல்லை எண்டு. முன்னால பாடுற மனுசரை நான் கேட்கவேயில்லை. அம்மா ஒண்டும் கேட்டு வராதவ. அவ கண்ணீரோட இருந்தவ.

அடுத்த நாள் நேரம் தெரியாமல் 12 மணிக்கே அகாடமிக்குப் போயிட்டம். அந்த நேரக் கச்சேரிக்கு டிக்கெட் வேண்டாம் எண்டு சொல்லிச்சினம், உள்ள போய் இருந்தம். ஒரு இருபது வயசுப் பிள்ளை பாடினா. ஆளின்ர பேர் நான் கேள்விப்படேல்லை, பதிவும் கேட்கேல்லை. அண்டைக்குத்தான் நான் முழுசாக் கேட்டனான். அவவுக்குப் பக்கத்தில கஞ்சிரா வாசிச்ச பெடியன், தோலில ரெண்டு துளி தண்ணி தடவி, தட்டிப் பார்த்து, காதுக்குக் கிட்டக் கொண்டுபோய், திரும்ப ஒரு துளி. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலயும் அதே கவனம். அம்மா இண்டைக்கும் "அந்தத் தண்ணி தடவின பிள்ளை எங்க இப்ப?" எண்டு கேப்பா.

இந்த முறை பதிவு ஒண்டும் கேட்கிறதாயில்லை. மத்தியானக் கச்சேரிகளைத்தான் முதலில குறிச்சு வச்சிருக்கிறன்.

வயலின் பிள்ளையின் அம்மா

நீங்கள் எல்லோரும் சின்ன எழுத்தைப் படிக்கிறேன் என்று எழுதியதைப் பார்த்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை அந்தச் சின்ன எழுத்தில் இருக்கிறவன்.

ஆறு வயதில் வில் பிடித்தான், இப்போது இருபத்திரண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சபாவில் ஒரு இளம் பாடகியின் பகல் கச்சேரிக்கு வாசிக்கச் சொன்னார்கள். முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் போன் வந்தது. என்ன பாடப்போகிறார்கள் என்று கேட்டான். மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில். பக்கவாத்தியத்தில் அது வழக்கம்தான், குறையாகச் சொல்லவில்லை. அதற்குத்தானே பதினாலு வருடம் கற்றுக்கொண்டது. ராத்திரி முழுக்க அந்தப் பெண்ணுடைய குருவின் பாடாந்தரம், அதாவது பாடும் வழி, என்ன, எந்தச் சங்கதி எப்படி வரும் என்று யோசித்து யோசித்து வாசித்துப் பார்த்தான். நான் பாலைச் சுட வைத்துக் கொண்டுபோய், அது ஆறி, மறுபடி சுட வைத்தேன்.

காலையில் சபாவுக்குப் போனோம். வாசலில் நிரல் புத்தகம் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. மிருதங்கம் வாசித்தவர் பெயர் இருந்தது. வயலின் என்று போட்டு, எதிரே வெற்றிடம். கடைசி நேரத்தில் ஆள் மாறியதால் அப்படி ஆகியிருக்கலாம். ஆனால் வாசலில் கரும்பலகையும் இருந்தது, சாக்பீஸும் இருந்தது. யாரும் எழுதவில்லை. கேட்கலாம் என்று நான் நகர்ந்தேன், அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான். "வாசிச்சுட்டு வரேம்மா" என்றான்.

கடைசியில் அந்தப் பெண் மைக்கில் நன்றி சொன்னபோது அவன் பெயரை முழுசாக, இன்ஷியலோடு சொன்னாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

நங்கநல்லூர்க்காரி

மாமி, படித்ததும் மனசு தாங்கவில்லை. சபாக்காரர்கள் இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். அச்சாகிவிட்டால் திருத்த முடியாது என்பது ஒரு சாக்கு. கரும்பலகையில் ஒரு பெயர் எழுத அரை நிமிடம் ஆகாது.

பக்கவாத்தியக்காரர்களுக்குரிய மரியாதை மெதுவாகத்தான் வந்திருக்கிறது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்கத்துக்கு முதல்முறை வந்தது 1966-இல், பாலக்காடு மணி ஐயருக்கு. வயலினில் ஏ. கன்யாகுமரிக்கு 2016-இல் கொடுத்தபோதுதான் அந்த வாத்தியத்தில் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது. 2025-க்கு வயலின் வித்வான் ஆர்.கே. ஸ்ரீராம்குமாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டபோது அந்தப் பழைய தோடி சாயங்காலம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. எத்தனையோ பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த கை அது.

டொராண்டோ தங்கச்சி, பதிவு கேட்காமல் வருவது நல்லதுதான். ஆனால் நிரலைப் படிக்காமல் வராதீர்கள். ஒரு சின்ன வழி சொல்கிறேன். மூத்த பாடகர் ஒருவர் சாயங்காலக் கச்சேரிக்கு இளம் மிருதங்கக்காரரையோ வயலின்காரரையோ கூப்பிட்டிருந்தால் அந்த நாளை விட்டுவிடாதீர்கள். பெரிய மேடையில் அவ்வளவு பேர் முன்னால் அந்தப் பிள்ளையை நம்பி உட்கார வைத்திருக்கிறார் என்றால், எங்கேயோ ஒரு மதியத்தில் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்படி நான் குறித்துக்கொண்டு போன கச்சேரிகளில் ஏமாந்தது ரொம்பக் குறைவு.

தம்பி, தொப்பி சமாசாரம் எனக்கே புதிது. இனி ரவை அப்பியிருப்பதையும் பார்க்கப்போகிறேன்.

மாமி, இந்த வருடம் பிள்ளைக்கு எங்கே, என்றைக்கு? சொல்லுங்கள், நான் வருகிறேன். என் தங்கையையும் கூட்டி வருகிறேன்.

வயலின் பிள்ளையின் அம்மா

22-ஆம் தேதி, பகல் 12 மணி, மயிலாப்பூரில். அழைப்பிதழ் நேற்றுத்தான் வந்தது. பெயர் இருக்கிறது. இன்ஷியல் மட்டும் தவறு, அதை போனில் சொல்லியிருக்கிறேன்.

தஞ்சாவூர் தம்பி சொன்னதுபோல வயலின் பாடகரின் இடப்பக்கம் வரும். அதனால் மேடையைப் பார்த்து உட்காரும்போது உங்களுக்கு வலப்பக்கம். அந்தப் பக்கம் மூன்றாவது வரிசையில் நான் இருப்பேன். பச்சைப் புடவை. இரண்டு இடம் பிடித்து வைக்கிறேன்.