ஒரே வீடு, ஆறு மாகாணங்கள்: போலந்தில் நீங்கள் கண்டதும் கேட்டதும்

ஆற்றங்கரைவாசி (இழையைத் தொடங்கியவர்)

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரம்மா சொன்னதை எங்காவது எழுதி வைக்காவிட்டால் மனசு ஆறாது. அதற்காகத்தான் இந்த இழை.

நான் இருப்பது பியெல்ஸ்கோ-பியாவா. போலந்தின் தெற்குக் கோடியில், மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வீட்டுக்காரம்மா வந்திருந்தார். மாகாணம் என்ற கட்டத்தில் சிலேசியா என்று எழுதிக்கொண்டே, "நீங்கள் பரம்பரையாகச் சிலேசியாக்காரர்தானே?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "இல்லை. நான் பியாவாக்காரி."

எனக்குப் புரியவில்லை. என்னை ஜன்னலோரம் கூட்டிப்போய், கீழே ஓடும் ஆற்றைக் காட்டினார். அதன் பெயரும் பியாவாதான், அகலமில்லாத ஆறு. மேற்குக் கரை பியெல்ஸ்கோ, அது சிலேசியா. கிழக்குக் கரை பியாவா, அது க்ராகூஃப் பக்கத்து மண். ஆஸ்திரியப் பேரரசு ஆண்டபோதும் அந்தக் கரை ஆஸ்திரிய சிலேசியா, இந்தக் கரை கலீசியா. இரண்டு ஊரையும் ஒன்றாக்கியது 1951 ஜனவரி 1ஆம் தேதிதான்.

அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அவர் பிறந்தது 1948ல், இதே வீட்டில். அப்போது க்ராகூஃப் மாகாணம். ஊரின் பெயரே 'பியாவா க்ராகோஃப்ஸ்கா'. 1951ல் ஊர்கள் இணைந்தபோது கதோவிட்சே மாகாணத்துக்குள் வந்தார்கள். 1953ல் ஸ்டாலின் இறந்ததும் கதோவிட்சே நகரத்துக்கு 'ஸ்தாலினோகுருட்' என்று பெயர் வைத்தார்கள். மாகாணத்தின் பெயரும் அதுவே ஆனது. 1956 கடைசியில் மறுபடி கதோவிட்சே. 1975ல் பியெல்ஸ்கோ-பியாவாவே ஒரு மாகாணத் தலைநகரம். 1999லிருந்து சிலேசியா. ஒரு கை போதாமல் அடுத்த கைக்குப் போய்விட்டார். ஆனால் அந்தம்மா வீடு மாறியதே இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. போலந்தில் மாகாணத்தை 'வோயெவுத்ஸ்த்வோ' என்பார்கள். படைத்தலைவனைக் குறித்த 'வோயெவோதா' என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. அதற்குக் கீழே மாவட்டம் (போவியத்), அதற்கும் கீழே உள்ளாட்சி (க்மினா). 1975 வரை 17 மாகாணங்களும், மாகாணத்துக்கு இணையான அந்தஸ்துள்ள 5 பெருநகரங்களும் இருந்தன. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கியெரெக்கின் ஆட்சியில் அதை 49 சின்ன மாகாணங்களாக உடைத்தார்கள். மாவட்டம் என்ற அடுக்கையே எடுத்துவிட்டார்கள். வலுவான மாகாணக் கட்சிச் செயலாளர்களின் பிடியைத் தளர்த்துவதும் ஒரு நோக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். பிறகு பிரதமர் புஸெக் அரசின் சீர்திருத்தத்தில் 1999 ஜனவரி 1 முதல் 16 பெரிய மாகாணங்கள். மாவட்டங்களும் திரும்பி வந்தன.

என்னை உலுக்கியது சட்டம் இல்லை, அந்தம்மா கிளம்பும்போது எடுத்துக் காட்டிய ஒரு தாள். அவருடைய கணவர் இங்கிருந்த கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சின்ன ஃபியட் கார் செய்த தொழிற்சாலை. 1980களில் அவருக்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழில், மங்கிப்போன நீல முத்திரையில் 'பியெல்ஸ்கோ மாகாணம்' என்று இருந்தது. அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். அழுத்தக்கூட இல்லை, மெல்ல வைத்தார். "இது நாங்கள் தலைநகரமாக இருந்த காலம்" என்றார்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

கரிமண்

கதோவிட்சேயில் ஏழு வருஷமாக இருக்கிறேன். நீங்கள் ஸ்தாலினோகுருட் என்று எழுதியதைப் படித்ததும் என் குழுத்தலைவர் ஞாபகம் வந்தது. அவருடைய அப்பா பிறந்தது 1954ல். பிறப்புச் சான்றிதழில் பிறந்த ஊர் என்ற இடத்தில் அந்தப் பெயர்தான் இருக்கிறதாம். மூன்றே முக்கால் வருஷம் மட்டும் இருந்த ஒரு பெயர், ஒரு மனிதனோடு எழுபது வருஷமாக வருகிறது.

நான் செய்த தப்பையும் சொல்கிறேன். சொஸ்னோவியெட்ஸ் நகரத்திலிருந்து வரும் சக ஊழியரை எல்லார் முன்னாலும் "நம்ம சிலேசியா நண்பர்" என்று அறிமுகப்படுத்தினேன். கதோவிட்சேயிலிருந்து டிராமிலேயே போய்விடலாம், அவ்வளவு பக்கம். கார் எண் பலகையில் இரண்டு ஊருக்கும் முதல் எழுத்து ஒன்றுதான், மாகாணமும் ஒன்றுதான். அவர் முகம் சுருங்கிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் ஸக்வெம்பியேகாரன். தயவுசெய்து இனிமேல் அப்படிச் சொல்லாதே." சொஸ்னோவியெட்ஸ் இருக்கும் பகுதியின் பெயர்தான் ஸக்வெம்பியே. கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

நடுவில் ஓடும் ப்ரினிட்சா என்ற சிற்றாறுதான் காரணம். போலந்தைப் பங்கு போட்டிருந்த காலத்தில் கதோவிட்சே ஜெர்மானியர் கையில், சொஸ்னோவியெட்ஸ் ரஷ்ய ஜார் கையில். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் போலந்து சுதந்திர நாடாக இருந்தபோதும் ஒன்று சிலேசிய மாகாணத்தில், இன்னொன்று கியெல்ட்சே மாகாணத்தில். சிலேசியாவுக்கு அப்போது தன்னாட்சி உண்டு. தனக்கென்று ஒரு சட்டமன்றம், தனி கஜானா. அந்தச் சட்டமன்றக் கட்டடம் இன்னும் கதோவிட்சேயில் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

ஒரு நாள் நானும் அந்த நண்பரும் மிஸ்வோவிட்சே பக்கம் 'மூன்று பேரரசர்கள் மூலை' பார்க்கப் போனோம். கறுப்பு ப்ஷெம்ஷா, வெள்ளை ப்ஷெம்ஷா என்று இரண்டு ஆறுகள் கூடும் இடம். 1871 முதல் 1918 வரை ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா என்ற மூன்று பேரரசுகளும் அங்கே முட்டிக்கொண்டு நின்றன. இப்போது மரங்களும் தண்ணீரும்தான். நண்பர் அந்தக் கரையைக் காட்டி "அதோ அது நாங்கள்" என்றார்.

வெள்ளித்திரை

ஆற்றங்கரைவாசி, அருமையான இழை. நான் ராதோமில் இருக்கிறேன். இங்கேயும் அதே கதை. பேருக்கு மசோவியா மாகாணம், தலைநகரம் வார்சா. ஆனால் ராதோம் சரித்திரப்படி க்ராகூஃப் பக்கத்துச் 'சின்னப் போலந்து' என்ற பகுதியைச் சேர்ந்தது. 1975 முதல் 1998 வரை தனி மாகாணமாக இருந்தது.

வசிப்பிட அட்டைக்குக் கைரேகை கொடுக்க உள்ளூர்க் கிளை அலுவலகத்துக்குப் போனபோது ஒன்று கவனித்தேன். மசோவியா மாகாண நிர்வாகத்துக்குக் கிளை இருக்கிற ஊர்களைப் பாருங்கள்: ராதோம், ப்வோட்ஸ்க், ஷெட்ல்ட்சே, ஒஸ்த்ரோவெங்கா, சிஹானுஃப். ஐந்துமே 49 மாகாணக் காலத்துத் தலைநகரங்கள். தொலைபேசி எண்ணும் அப்படித்தான். தரைவழி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் இன்றும் அந்தப் பழைய 49 மாகாணங்களின்படிதான் பிரிந்திருக்கிறது. ராதோமுக்கு 48, வார்சாவுக்கு 22. உங்கள் பியெல்ஸ்கோவுக்கு 33.

ஆற்றங்கரைவாசி

ஆமாம், வீட்டுக்காரம்மாவின் எண் 33ல்தான் தொடங்குகிறது! கதோவிட்சேக்கு 32 என்று தெரியும், ஆனால் ஏன் வேறு என்று யோசித்ததே இல்லை. ரொம்ப நன்றி.

ஓப்போலே அக்கா

தம்பிகளா, மாகாணத்தை இழந்தவர்கள் கதையாகவே வருகிறது. இழக்காமல் காப்பாற்றிக்கொண்ட ஊரில் இருந்து எழுதுகிறேன்.

1998ல் அரசு முதலில் நினைத்தது 12 மாகாணங்கள் மட்டும். அந்தக் கணக்கில் ஓப்போலே கிடையாது. பக்கத்துச் சிலேசியாவில் கரைந்திருக்கும். ஊரே கிளம்பிவிட்டது. போலந்துக்காரர்கள், இங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் ஜெர்மானியச் சிறுபான்மையினர், 1945க்குப் பிறகு ல்வூஃப் (இன்று உக்ரைனில் இருக்கும் ல்விவ்) பக்கமிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் என்று எல்லாரும். ஒருவரோடொருவர் அவ்வளவாக ஒட்டாமல் இருந்தவர்கள் நெடுஞ்சாலையோரம் கைகோத்துச் சங்கிலியாக நின்றார்கள். நாடாளுமன்றம் 15 என்று முடிவு செய்தது, குடியரசுத் தலைவர் க்வாஷ்னியெஃப்ஸ்கி கையெழுத்துப் போட மறுத்தார், கடைசியில் சமரசமாக 16. ஓப்போலே தப்பித்தது. போலந்தின் மிகச் சிறிய மாகாணம் இதுதான், பத்தாயிரம் சதுர கிலோமீட்டர்கூட இல்லை.

எங்கள் மருத்துவமனையில் என்னோடு வேலை செய்யும் செவிலியருக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு பக்கம் பாட்டி கை, இன்னொரு பக்கம் யாரோ தெரியாத ஓர் அம்மா கை. அந்த அம்மா ஜெர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாராம். பாட்டி ல்வூஃபிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர். போரைப் பார்த்தவர், ஜெர்மன் பேச்சு காதில் விழுந்தாலே விலகிப் போகிறவர். அன்றைக்கு விலகவில்லை. நடுவில் நின்ற குழந்தை கைமாற்றிப் பிடித்ததில் அந்த இரண்டு கிழவிகளின் கையும் சேர்ந்துவிட்டது. செவிலியர் இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது, எனக்கும்தான்.

இப்போது எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் ஊர்ப்பலகை இரண்டு மொழியில் இருக்கிறது. மேலே போலிஷ் பெயர், கீழே ஜெர்மன் பெயர். 2005ல் வந்த சட்டத்தின்படி வைத்தது. சிலவற்றின் மேல் யாரோ பெயின்ட் அடித்திருப்பார்கள். மறுபடி துடைத்து வைப்பார்கள்.

தோரூன் மாணவி

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் கதையை எழுதத் தயக்கமாக இருக்கிறது. சின்ன விஷயம்தான்.

நான் மருத்துவம் படிக்கிறேன். பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் தோரூனில், மருத்துவப் பிரிவு பிட்கோஷ்ச் நகரத்தில். சுமார் 45 கிலோமீட்டர் இடைவெளி. முதல் வாரம் பிட்கோஷ்ச் ரயில் நிலையத்தில் டாக்சி ஏறியதும், "தோரூன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன்" என்றேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "அம்மா, நீ நிற்பது பிட்கோஷ்ச்" என்றார். வழி முழுக்க இரண்டு ஊருக்கும் உள்ள வழக்கைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

போர்களுக்கு நடுவில் இந்தப் பகுதியின் மாகாணத் தலைநகரம் தோரூன். பிட்கோஷ்ச் 1938 வரை போஸ்னான் மாகாணத்தில் இருந்தது. 1945க்குப் பிறகு தலைநகரம் பிட்கோஷ்ச். 1975ல் தோரூன் தனி மாகாணம். 1999ல் இரண்டையும் ஒரே மாகாணமாக இணைக்கும்போது எந்த ஊரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் இரண்டுமே தலைநகரங்கள். பிரதமர் நியமிக்கும் வோயெவோதா உட்காருவது பிட்கோஷ்சில். மக்கள் தேர்ந்தெடுக்கும் மாகாண மன்றமும், அந்த மன்றம் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவின் தலைவரான மார்ஷலும் தோரூனில். நாட்டில் இப்படி இன்னொரு மாகாணமும் உண்டு: லுபுஷ். அங்கே கோஜூஃப், ஜெலோனா கூரா.

இறங்கும்போது அவர் காரின் எண் பலகையைக் காட்டினார். மாகாணத்துக்கான முதல் எழுத்து இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். இரண்டாவது எழுத்துதான் ஊரைச் சொல்லும். "அந்த இரண்டாவது எழுத்தைத்தான் நாங்கள் பார்ப்போம்" என்றார். இப்போது நானும் சாலையில் போகிற ஒவ்வொரு காரிலும் அதைத்தான் பார்க்கிறேன்.

விஸ்துலா

வார்சாவில் ஓஹோட்டா பகுதியில் 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டுக்குள் நாடுகடத்தப்பட்டுத் தவித்த போலந்துக் குழந்தைகளுக்கு, ஜாம்நகர் பக்கம் பாலாச்சடியில் இடம் கொடுத்த நவாநகர் ஜாம் சாஹிப் திக்விஜய்சிங்ஜியின் பெயரில் வைத்தது. கோல்ஹாப்பூர் பக்கம் வலிவடேயிலும் பெரிய முகாம் இருந்தது.

அங்கே ஒரு மாலை, நினைவுக்கல்லின் கீழே பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். என்னைப் பார்த்து "இந்தியாவா?" என்று கேட்டார். மதுரை என்றேன். அவர் தெற்கு, வடக்கு எதையும் பார்க்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருடைய அம்மா பாலாச்சடியில் வளர்ந்தவராம்.

"அம்மாவுக்கு எந்த ஊர்?" என்றேன். "நோவோக்ருதெக் மாகாணம்" என்றார். பெயர் கேள்விப்படாததால் கைபேசியில் போலந்து வரைபடத்தைத் திறந்து தேடினேன். அவர் என் விரலைப் பிடித்து மெதுவாக வலது பக்கம் நகர்த்தினார். எல்லைக்கோட்டைத் தாண்டி, பெலாரூஸுக்குள் போய் நிறுத்தினார். போருக்கு முன் போலந்தின் மாகாணங்களாக இருந்த வில்னோ, நோவோக்ருதெக், போலேசியே, வோவின், தர்னோபோல், ஸ்தானிஸ்வாவுஃப் எல்லாம் 1945க்குப் பிறகு நாட்டிலேயே இல்லை. ல்வூஃப் மாகாணத்தில் ஒரு பெரும் பகுதி போய்விட்டது, ல்வூஃப் நகரமும் சேர்ந்து. அம்மா சாகும்வரை யார் கேட்டாலும் ஊர் என்று அந்தப் பெயரைத்தான் சொன்னாராம். இந்தியாவிலிருந்து திரும்பி வந்தபோது போவதற்கு அந்த மாகாணம் இல்லை. வார்சாவில் இறங்கிவிட்டார்.

ஆற்றங்கரைவாசி

நேற்று வாடகை கொடுக்கப் போனபோது எல்லாவற்றையும் என் அரைகுறை போலிஷில் வீட்டுக்காரம்மாவுக்குச் சொன்னேன். ஓப்போலேயின் இரண்டு கிழவிகள் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். விஸ்துலா எழுதிய அம்மாவின் கதைக்கு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு ஆறு மாகாணம் மாறினாலும், சாவி அதே பூட்டில்தான் நுழைந்தது" என்றார். மகாராஜா பூங்கா வார்சாவில் எங்கே என்று கேட்டு, வாடகை உறையின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் மகள் வீட்டுக்கு வார்சா போகிறாராம்.

ஒப்பந்தத்தில் மாகாணம் என்ற கட்டத்தில் சிலேசியா என்றே இருக்கிறது, அதை மாற்ற முடியாது. ஊர் பெயரில் மட்டும் 'பியாவா' என்ற பாதியை அவரே கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கிறார்.