சிக்கிள் செல்லுக்கு ‘ஒரே ஊசி’ வந்துவிட்டதா?

பந்தலூர்க்காரன்:
தங்கை பையனுக்கு 14 வயது, சிக்கிள் செல், ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோய். எங்கள் பக்கம் ஜூனில் பிடிக்கிற மழை ஆடி முடியும்வரை விடாது. அந்தக் குளிரில்தான் அவனுக்கு முட்டியும் இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும், கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பான். அதற்கான ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை தினமும் சாப்பிடுகிறான். வயநாட்டு மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், ஜீனைத் திருத்தும் ஊசியாம், ஒரே ஊசியில் நோய் போய்விடுமாம். தங்கை இருக்கிற பத்து சென்ட்டை விற்றுவிடலாமா என்கிறாள். உண்மையா?

கொழிஞ்சாம்பாறை லேப்:
முதலில் அந்தப் பத்து சென்ட்டை விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மருந்து உண்மைதான், ‘ஊசி’தான் பொய். காஸ்ஜெவி என்று பெயர், வெர்டெக்ஸும் கிரிஸ்பர் தெரபியூடிக்ஸும் சேர்ந்து கொண்டுவந்தது, 2023 நவம்பரில் பிரிட்டன், டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தன, 12 வயதிலிருந்து. நோயாளியின் ஸ்டெம் செல்லை, அதாவது ரத்தம் உண்டாக்கும் மூலச் செல்லைப் பிரித்தெடுத்து லேபில் கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் கத்தரியால் ஒரு வெட்டு. பிசிஎல்11ஏ என்ற ஜீன்தான் நாம் பிறந்த பிறகு கருவில் ஓடிய ஹீமோகுளோபினை நிறுத்துவது, அதை அடக்கினால் பழைய ஹீமோகுளோபின் திரும்ப ஊறும், செல் அரிவாளாய் வளைவது குறையும். வேடிக்கை என்னவென்றால் பழுதான ஜீனைத் தொடுவதே இல்லை. அப்புறம், செல்லைத் திரும்ப ஏற்றுமுன் புசல்ஃபான் என்ற கீமோவால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்தாக வேண்டும். முடி கொட்டும், வாய் புண்ணாகும், பின்னால் குழந்தை பிறப்பதிலும் சிக்கல் வரலாம், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி. பலன் இல்லாமலில்லை, சோதனையில் கணக்கெடுத்த 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஓராண்டு கடும் வலி வரவில்லை. அமெரிக்க விலை 22 லட்சம் டாலர்.

மலைநாட்டான்:
22 லட்சம் டாலர்! இந்த நோய் அதிகம் இருப்பது ஆப்பிரிக்காவிலும் நம் ஆதிவாசி ஊர்களிலும், மருந்து விற்பது யாருக்கு? டெல்லியில் இருக்கிற அரசு மரபணு ஆய்வு நிறுவனம் ஐஜிஐபி இதே கிரிஸ்பரில் பிர்சா 101 என்று ஒன்று உருவாக்கி, சீரம் இன்ஸ்டிடியூட்டுக்குத் தொழில்நுட்பத்தைக் கொடுத்திருப்பதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். எனக்கு நம்பிக்கை அதில்தான். ஆனால் கடைக்கு வரும்வரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் அண்ணா.

கொழிஞ்சாம்பாறை லேப்:
கேட்க மறந்துவிட்டேன், பையனுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா? ஹெச்எல்ஏ என்ற திசு வகை பொருந்தினால் சாதாரண மஜ்ஜை மாற்று சிகிச்சையே நோயைக் குணமாக்கக்கூடும், வேலூர் சிஎம்சியில் வெகுகாலமாகச் செய்கிறார்கள். பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. அதிலும் கீமோ உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பந்தலூர்க்காரன்:
அக்கா ஒருத்தி இருக்கிறாள், பிளஸ் ஒன். அவளுக்கு நோய் இல்லை, பழுதான ஜீன் ஒன்று மட்டும் இருக்கிற கேரியர் என்று முகாமில் சொன்னார்கள். கேரியர் மஜ்ஜை கொடுக்கலாமா? டெஸ்ட்டுக்கு வேலூரே போகணுமா?

கொழிஞ்சாம்பாறை லேப்:
கேரியர் தாராளமாகக் கொடுக்கலாம். டெஸ்ட்டுக்குக் கொஞ்சம் ரத்தம் போதும், கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்து எடுத்தும் பார்ப்பார்கள். பையனுக்குப் பார்க்கிற டாக்டரிடமே கேளுங்கள்.