மூன்று கால் வாணலியைத் தேய்ப்பதா, விடுவதா?

கரிக்கை: பென்சில்வேனியாவில் ஓர் ஏலத்தில் இரண்டு சாமான்கள் எடுத்தேன். ஒன்று நீண்ட பிடி வைத்த மூன்று கால் வார்ப்பிரும்பு வாணலி. அமெரிக்கர்கள் ‘ஸ்பைடர்’ என்பார்கள். கணப்படுப்பில் தணலை வாரிப் பரப்பி அதன்மேல் நிறுத்திச் சமைத்தது. அடியில் இரும்பு ஊற்றிய வடு நீளக் கோடாக நிற்கிறது, ஆகவே பெரும்பாலும் 1890க்கு முந்தையது. மற்றது டிராமல், அதாவது பானையை உயர்த்தி இறக்கித் தொங்கவிடும் பல்லுக் கொக்கி. இரண்டையும் மின்பகுப்பில், அதாவது மின்சாரம் பாய்ச்சிய கரைசல் தொட்டியில் போட்டுத் துருவை எடுக்கப்போகிறேன். வாணலியை எண்ணெயில் பழக்கிச் சமைக்கவும் போகிறேன்.

தணல்: தயவுசெய்து வேண்டாம். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதே அந்தக் கறுத்த மேற்பரப்புக்குத்தான்.

கரிக்கை: துரு தின்றுகொண்டிருப்பதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வேடிக்கை பார்க்கவா? ஊற்றிய வடு மின்பகுப்பில் அழியாது, ஐயா.

தணல்: வாணலிக்கு அது சரி. டிராமல் கொல்லன் அடித்த தேனிரும்பு, அதில் வடு ஏது? 1910களின் இறுதியில் மாசசூசெட்ஸின் சாகஸில் வாலஸ் நட்டிங் ஒரு கொல்லரை வைத்துப் பழைய மாதிரிச் சாமான்களைப் பழைய முறையிலேயே அடித்து விற்றார். அவர் முத்திரை குத்தினார். நகல் செய்த எல்லாரும் அப்படிக் குத்தியதில்லை. நகலையும் அசலையும் பிரிக்க மேற்பரப்புதான் சாட்சி. நீங்கள் அதைத் தொட்டியில் கரைக்கப்போகிறீர்கள்.

சாம்பல்: அந்தச் சாட்சியை விலைக்கு வாங்கலாமே! அமிலம் தடவினால் சில நாட்களில் துரு தயார். நான் முதலில் பார்ப்பது தேய்மானத்தை. பானையை வழக்கமாக மாட்டிய பல் மட்டும் மழுங்கியிருக்க வேண்டும். வாணலியின் கால்நுனி செங்கல் தளத்தில் இழுபட்டுத் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அரம் போட்ட கை தெரியும்.

கரிக்கை: அந்தத் தேய்மானமும் மின்பகுப்பில் போகாதே. நான் மணல் வீச்சா கேட்டேன்? விறகுத் தீயில் எறிந்து வாணலியை நெளியவைப்பவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள்.

சாம்பல்: சமைப்பதற்கு முன் காரீயப் பரிசோதனை செய்யுங்கள். பழைய சட்டிகளில் துப்பாக்கிக் குண்டுக்குக் காரீயம் உருக்கியவர்கள் உண்டு. துருவை எடுத்தாலும் அது போய்விட்டதாக நம்ப முடியாது.

கரிக்கை: இதை ஏற்கிறேன். பரிசோதித்துவிட்டே அடுப்பில் வைப்பேன். டிராமலுக்கு மெல்லிய மெழுகு மட்டும் பூசுகிறேன், போதுமா?

தணல்: டிராமலுக்குப் போதும். வாணலி விஷயத்தில் நான் இறங்கிவரவில்லை. காரீயம் இருப்பதாக வந்தால் தேய்க்காமல் எனக்கு விற்றுவிடுங்கள்.