அலையாத்திக் காடு சுனாமியைத் தடுக்குமா?

கேள்வி:
2004 டிசம்பர் 26 சுனாமியின்போது சிதம்பரம் அருகே கடலோர உப்புச் சேற்றில் வளர்ந்திருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைந்த சேதத்துடன் தப்பின என்கிறார்கள். மரங்கள் அவ்வளவு பெரிய அலையை எப்படித் தடுக்க முடியும்?

வெள்ளாற்றங்கரையான்:
தடுப்பதில்லை, தணிக்கின்றன. சுரபுன்னையின் முட்டு வேர்கள் கூடை கவிழ்த்தாற்போல் வளைந்து சேற்றில் ஊன்றியிருக்கும். கண்டல் மரத்தைச் சுற்றி காற்றை உள்ளிழுக்கச் சேற்றுக்கு மேலே நீளும் மூச்சு வேர்கள் பென்சில் நட்டதுபோல் நூற்றுக்கணக்கில் நிற்கும். இவற்றினூடே புகும் நீர் உராய்ந்து வேகத்தை இழப்பதோடு, சுமந்து வரும் வண்டலையும் அங்கேயே விட்டுச் செல்வதால், கரையும் அரிபடாமல் நிற்கிறது. ‘அலை ஆற்றி’ என்பதே அலையாத்தி ஆயிற்று என்பார்கள், பொருத்தமான பெயர்தான்.

நெய்தல்வாசி:
முழுப் பெருமையையும் மரத்துக்கே கொடுத்துவிட முடியாது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் இருந்தன. தூரமும் மேடும் காப்பாற்றியதை மரக்கணக்கில் எழுதுவது சரியல்ல என்று ஆய்வாளர்கள் சிலர் அப்போதே வாதிட்டார்கள். புயல் அலைகளைத் தணிப்பதில் இக்காடுகளின் பங்கு இன்னும் உறுதியானது என்பது என் கருத்து. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையே சாய்த்துப் போட்டதையும் பார்த்தோம்.

கேட்டவர்:
அப்படியானால், வெறும் கரையில் கன்று நட்டால் போதுமா?

வெள்ளாற்றங்கரையான்:
போதாது. ஓதநீர், அதாவது கடல் ஏறி இறங்கும்போது வரும் நீர், வந்து போகாத இடத்தில் உப்பு ஏறிக் கன்று பட்டுவிடும். பிச்சாவரத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தை மீட்ட பிறகே நட்டவை பிழைத்தன.