எம்எஸ் இருக்கறவங்களுக்கு ஃபிட்ஸ் வருமா? அக்காவுக்கு முதல் தடவையா வந்திருக்கு

தாமரை_மதுரை:
எல்லாருக்கும் வணக்கம். அக்காவுக்கு 34 வயசு, எம்எஸ்னு (மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், மூளை, தண்டுவட நரம்போட உறை உரிஞ்சு போற நோய்) தெரிஞ்சு மூணு வருஷம் ஆகுது, ரிலாப்ஸிங் டைப், அதாவது அப்பப்ப அட்டாக் வந்து தணியற வகை. போன வாரம் தோசை ஊத்திட்டு இருந்தவ கரண்டிய கீழ வச்சிட்டு "வலது கை விரல் தானா துடிக்குதுடி"ன்னா, சொல்லி முடிக்கல, துடிப்பு முழங்கை தோள்னு ஏறி வாய் ஒரு பக்கமா கோணி அப்படியே விழுந்துட்டா, ஒடம்பு பூரா இழுத்துச்சு. ரெண்டு நிமிஷம் இருக்கும். பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்து இரும்புச் சாவிய கைல திணிச்சாங்க. அப்புறம் ஒரே தூக்கம், எழுந்தா விழுந்ததே ஞாபகம் இல்ல.

எமர்ஜென்சில சிடி ஸ்கேன் எடுத்துட்டு லெவிடிராசிட்டம்னு ஃபிட்ஸ் மாத்திரை போட்டு அனுப்பிட்டாங்க. அவளோட நியூரோ டாக்டர வியாழக்கிழமை தான் பாக்க முடியும். ஏற்கனவே சாப்பிடறது எம்எஸ் அட்டாக் குறையறதுக்கு டைமெத்தில் ஃப்யூமரேட், தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென், போன மாசம் நடை நல்லா வரட்டும்னு சேர்த்த டால்ஃபாம்ப்ரிடின். இது எம்எஸ்னால வந்ததா? புது அட்டாக்கா? ஆயுசுக்கும் மாத்திரை போடணுமா? அம்மா யார்கிட்டயும் மூச்சு விடாதங்கறாங்க, எனக்கு பயமா இருக்கு.

செல்வம்_திருச்சி:
பயப்படாதீங்கம்மா. எனக்கும் எம்எஸ் தான், ஃபிட்ஸும் இருக்கு, மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போய்ட்டு தான் இருக்கேன். எம்எஸ் இருக்கற நூறு பேர்ல ரெண்டுலேந்து அஞ்சு பேருக்கு வலிப்பு வருது, மத்தவங்கள விட சுமார் மூணு மடங்கு. எம்எஸ் புண்ணு மூளையோட உள்பக்கம் மட்டும் தான் வரும்னு நினைக்கறாங்க, மேல்பக்கம் கார்டெக்ஸ்லயும் அத ஒட்டியும் வரும், ஃபிட்ஸ் கிளம்பறது பெரும்பாலும் அங்கேந்து தான். விரல்ல ஆரம்பிச்சு மேல ஏறுச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க, மூளைல எந்த இடம்னு அவருக்கு அதுலயே பாதி புரியும். சில பேருக்கு ரிலாப்ஸோட சேர்ந்து ஒரு தடவை வந்துட்டு அப்புறம் வராமயே போயிடும், அதனால ஆயுசுக்கும்னு இப்பவே முடிவு பண்ண வேண்டாம்.

அடுத்த தடவை சாவியெல்லாம் வேணாம், வாய்க்குள்ளயும் எதுவும் வைக்காதீங்க. ஒருக்களிச்சு படுக்க வச்சு டைம் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனாலோ, தெளியாம திரும்ப வந்தாலோ 108 கூப்பிடுங்க.

நர்ஸ்_கலா:
தாமரை, வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னைக்கே டாக்டருக்கு போன் போட்டு டால்ஃபாம்ப்ரிடின் பத்தி கேளுங்க. உறை உரிஞ்ச நரம்புல பொட்டாசியம் வெளிய போற வழிய அடைச்சு சிக்னல் போக வைக்கற மாத்திரை அது, அதனால தான் நடை நல்லா வருது, ஆனா அதே வேலை மூளை செல்லையும் தூண்டி விடும். ஒரு தடவை ஃபிட்ஸ் வந்தவங்களுக்கு குடுக்கவே கூடாதுன்னு மருந்தோட குறிப்புலயே போட்டிருக்கும். கிட்னி வழியா வெளியேறற மருந்து, கிட்னி கொஞ்சம் மந்தமா இருந்தாலும் ரத்தத்துல ஏறிடும், அதனால கிரியேட்டினின், அதான் கிட்னி வேலை பாக்கற ரத்த டெஸ்ட், பாக்கச் சொல்லிக் கேளுங்க. எமர்ஜென்சில இந்த மாத்திரை பேர சொன்னீங்களா?

பயந்து போய் பேக்லோஃபென நீங்களா நிறுத்திடாதீங்க, அத திடீர்னு விட்டாலே ஃபிட்ஸ் வரும். எது குறைக்கறதுன்னாலும் டாக்டர் சொல்லி படிப்படியா தான்.

வேலன்:
என் வீட்டம்மாவுக்கும் கை கால் முறுக்கும், நாங்களும் ஃபிட்ஸ்னே நினைச்சிருந்தோம். அது டானிக் ஸ்பாசம்னு சொன்னாங்க. நெனவு தப்பாது, நல்லா வலிக்கும், ஒரு நிமிஷத்துல விட்டுடும், ஒரே நாள்ல பல தடவை வரும். கொஞ்சமா கார்பமசிபைன் குடுத்தாங்க, அடங்கிடுச்சு. உங்க அக்காவுக்கு நெனவு போயிருக்கறதால இது வேற மாதிரி தான் தெரியுது, இருந்தாலும் இன்னொரு தடவை வந்தா ஒருத்தர் செல்லுல வீடியோ எடுங்க, நாம வாயால சொல்றதவிட அது உபயோகம். இஇஜி (மூளையோட மின்துடிப்ப பாக்கற டெஸ்ட்) நார்மல்னு வந்தா ஃபிட்ஸே இல்லன்னும் ஆகாது.

தாமரை_மதுரை:
கலா அக்கா, எமர்ஜென்சில யாரும் மாத்திரை லிஸ்ட்ட கேக்கல, நாங்களும் சொல்லல. இப்ப போன்ல பேசிட்டோம், டால்ஃபாம்ப்ரிடின உடனே நிறுத்தச் சொல்லிட்டாங்க, கிரியேட்டினினும் இஇஜியும், கான்ட்ராஸ்ட் போட்டு எம்ஆர்ஐயும் எழுதிக் குடுத்திருக்காங்க. இன்னொன்னு, லெவிடிராசிட்டம் ஆரம்பிச்சதுலேந்து தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறா, ராத்திரி அழறா, அவ அப்படிப்பட்டவளே இல்ல.

நர்ஸ்_கலா:
அந்த மாத்திரைக்கு அப்படி ஆகும்மா, அவங்க மேல கோவப்படாதீங்க. நிறுத்தாம இதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மருந்து மாத்திக் குடுப்பாங்க. சாகணும்னு ஏதாவது பேசினாங்கன்னா மட்டும் வியாழக்கிழமைய பாக்காதீங்க, அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.