டிரிகர் அழுத்தத்தைக் குறைப்பது பற்றி ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வசிக்கும் நான், துப்பாக்கி சுடும் போட்டிக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மூன்றாண்டுகள் பழகியபின், உரிமத்தின் பேரில் .22 செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ஒன்றைப் பழையதாக வாங்கி, 25 மீட்டர் பிரிவுக்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். டிரிகர் எடை, அதாவது டிரிகரை இழுக்கத் தேவையான விசை, ஏர் பிஸ்டலில் 500 கிராமுக்கும் 25 மீட்டர் பிரிவில் 1000 கிராமுக்கும் குறையக் கூடாது என்பது விதி. என்னுடையதோ அதைவிட மிகக் கனமாக இருக்கிறது. மேகசினைக் கழற்றி, தோட்டா அமரும் அறை காலியா என்று இருமுறை பார்த்துவிட்டு, எங்கள் கடையில் கருப்பட்டி நிறுக்கும் ஸ்பிரிங் தராசின் கொக்கியை டிரிகரில் மாட்டி இழுத்தேன். முள் இரண்டு கிலோவைத் தாண்டிய பிறகே ஹாமர் (சுடுவதற்காக அடிக்கும் சுத்தியல் பகுதி) விழுந்தது. கருப்பட்டித் தராசுதானே என்று கழித்துக்கொண்டாலும், இது அதிகம்.

ஐந்து குண்டுகளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும் நிதானச் சுற்றில் சமாளித்துவிடுகிறேன். இலக்கு மூன்றே விநாடி முகம் காட்டும் விரைவுச் சுற்றில் முழுக் கையும் இறுகிப்போவதால், வலக்கைக்காரனான எனக்குக் குண்டுகள் இடப்பக்கம் கீழே இறங்கிவிடுகின்றன. இழுக்கும்போது பாதி வழியில், மணல் சிக்கியது போன்ற நறநறப்பும் விரலில் தெரிகிறது.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடச் சொல்கிறார் நண்பர் ஒருவர். ஹாமரின் அடி வலுவிழந்தால் தோட்டா வெடிக்காமல் போகும். ஹாமரைத் தாங்கும் சியரின் பிடிமானம் குறைந்தாலோ, தொடாமலே வெடிக்கும். ஆகவே அதற்கு நான் உடன்படவில்லை.

பழைய எண்ணெய்ப் பிசுக்கை நீக்கினாலே நறநறப்பு போய்விடுமா? திருநெல்வேலி, மதுரைப் பக்கம் இவ்வேலையை நம்பி ஒப்படைக்கக்கூடிய, உரிமம் பெற்ற பழுதுநீக்குபவர் உண்டா? அதுவரை காலித் தோட்டாக்கூட்டைப் போட்டு வெற்றுப் பயிற்சி (குண்டின்றி டிரிகரை இழுத்துப் பழகுவது) செய்தால், தோட்டாவை அடிக்கும் ஊசியான ‘ஃபயரிங் பின்’ மோதி அறையின் விளிம்பு அடிபடாமல் காக்க அது போதுமா?