லாச்சிகள் மூடியிருக்கும்போதும் உள்ளே புழங்கக்கூடிய பயண ட்ரெயிலரைத் தெரிவு செய்வது எப்படி?

வாவிக்கரை (கல்லடி, மட்டக்களப்பு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஆனி மாதம் நானும் மனைவியும் ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போகிறோம். மருமகன் தன் பிக்கப் வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு ட்ரெயிலர் ஒன்றை வாங்கி, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் சுப்பீரியர் ஏரியின் கரை வழியாகத் தண்டர் பே வரை எங்கள் ஆறு பேரையும் கூட்டிப்போக எண்ணியிருக்கிறார். நான் அரச திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், "மாமா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மூன்று ட்ரெயிலர்களின் தரைப்படங்களை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்.

இவ்வகை வண்டியைக் காணாதவர்களுக்காக ஒரு விளக்கம். இதன் பக்கச் சுவரின் ஒரு பகுதி, கட்டிலோடோ சாப்பாட்டு மேசையோடோ சேர்ந்து, அலுமாரி லாச்சியைப் போல வெளியே தள்ளிக்கொண்டு வரும். தரித்து நிற்கையில் அதைத் திறந்தால் உள்ளே தாராளமாக இடம் கிடைக்கிறது. ஓடும்போது மூடியே ஆக வேண்டும். அவர்கள் அதை ஸ்லைட் என்கிறார்கள். எனக்கு லாச்சி என்ற சொல்லே போதுமாக இருக்கிறது.

என் கவலை அந்த மூடிய நேரத்தைப் பற்றியது. மனைவிக்கு முழங்கால் வாதமும் நீரிழிவும் உண்டு. கொழும்புக்குப் போகும் 300 சொச்சம் கிலோமீற்றரிலேயே பொலன்னறுவையில் ஒரு முறை, தம்புள்ளையில் ஒரு முறை, குருநாகலில் ஒரு முறை என்று வாகனத்தை நிறுத்தச் சொல்பவர். ரொறன்ரோவிலிருந்து தண்டர் பே ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர். மருமகன் அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் லாச்சிகள் திறந்தபடியே வரையப்பட்டிருக்கின்றன. அவற்றை மூடினால் மலசலகூடத்துக்குப் போக வழி இருக்குமா, குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க முடியுமா, அரை மணி நேரம் ஒருவர் காலை நீட்டிப் படுக்க முடியுமா என்பதைப் படத்திலிருந்து அறியும் முறை எது? ஓடும்போதே மனைவி பின்னால் படுத்துக்கொண்டு வரலாமா என்பதும் வீட்டில் எழுந்திருக்கும் கேள்வி.

ஆரையூரான் (ஸ்காபுரோ; சொந்த ஊர் ஆரையம்பதி) எழுதியது:

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் இழுத்துச் செல்லப்படும் வீட்டு ட்ரெயிலருக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது என்பது வீதிச் சட்டம். அம்மா பிக்கப்பில்தான் பட்டி கட்டி இருக்க வேண்டும்.

மற்றக் கேள்விக்கு என் தலையில் குட்டு வாங்கிய கதையையே சொல்கிறேன். நாங்கள் முதலில் வாங்கிய வண்டியில், குசினிக்கு நடுவே தனியாக நிற்கும் மேடை ஒன்று இருந்தது. விற்பனை நிலையத்தில் லாச்சி திறந்திருந்தபோது அது கல்யாண மண்டபம் போலத் தோன்றியதால், மனைவிக்கும் எனக்கும் வேறெதையும் பார்க்க மனம் வரவில்லை. முதற் பயணத்தில் ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தி, மகளுக்குப் பால் எடுக்கக் கதவைத் திறந்தேன். மூடிய லாச்சியின் சோபா அந்த மேடையை முட்டிக்கொண்டு நின்றது. குளிர்சாதனப் பெட்டி நான்கடி தூரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டவில்லை. கடைசியில் ஒன்பது வயது மகனைச் சோபாவின் மேலால் தவழவிட்டுப் பெட்டிக் கதவை இழுக்கச் சொன்னோம். அதுவும் ஒரு சாணுக்கு மேல் திறக்காததால், பால் போத்தலைச் சரித்து எடுத்தான்.

நிறுத்துகிற இடத்திலெல்லாம் லாச்சியைத் திறந்தால் என்ன என்று மருமகன் கேட்கக்கூடும். தரிப்பிடத்தில் அது பக்கத்து வாகனம் நிற்க வேண்டிய இடத்துக்குள் நீட்டிக்கொள்ளும். வீதியோரத்துச் சரிவில், வண்டி மட்டமாக நில்லாத நிலையில் திறந்தால், பல்சக்கரமும் தண்டும் இறுகி லாச்சி கோணலாக நின்றுவிட இடமுண்டு. அத்துடன் அது ட்ரெயிலரின் 12 வோல்ற் பற்றறியில் இயங்குவது. ஒரு மாலை எங்கள் பற்றறி இறங்கிப்போக, பாதி மூடிய லாச்சியைக் கைப்பிடி போட்டுச் சுற்றி உள்ளே இழுக்க எனக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. நுளம்புக் கடி வேறு.

படத்தைப் பார்க்கும் முறை இதுதான். வெளி அகலம் 8 அடி என்றால், சுவர்த் தடிப்புப் போக உள்ளே சுமார் 92 அங்குலம் கிடைக்கும். ஒரு பக்கம் குசினி மேடை 25 அங்குலம், எதிர்ப்பக்கம் மேசையும் இருக்கைகளும் கொண்ட லாச்சியின் ஆழம் 42 அங்குலம் என்று கொள்ளுங்கள். மூடும்போது நடுவில் எஞ்சுவது 25 அங்குலம். முழங்கால் நோவுள்ளவரும் மெல்ல நடந்து போய்விடலாம். அதே இடத்தில் 24 அங்குல மேடை ஒன்றை வையுங்கள், ஒரு அங்குலந்தான் மிச்சம். கூரையைப் பற்றியோ துணிக்கதிரையின் நிறத்தைப் பற்றியோ பேச முன்னர், லாச்சியின் ஆழத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். படத்தில் அது எழுதப்பட்டிருப்பது அரிது.

பிறகு மருமகனை விற்பனை நிலையத்துக்கு அனுப்பி, எல்லா லாச்சிகளையும் மூடித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு விற்றவர், பெயர் வேண்டாம், பற்றறி இல்லை என்று தட்டிக்கழித்தார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். மூடிய வண்டிக்குள் அவர் ஏறி, பின்னால் கதவைச் சாத்தி, மலசலகூடத்தில் இருந்து எழும்பி, குளிர்சாதனப் பெட்டியின் கதவை முழுதாகத் திறந்து, கட்டிலில் ஒரு பக்கமாவது படுத்துப் பார்க்கட்டும். கட்டிலே லாச்சிக்குள் இருந்தால், மூடிய நிலையில் அதன் மேல் ஆள் படுக்கலாமா என்பதைத் தயாரித்தவரின் கைந்நூலில் பார்க்க வேண்டும்.

மலசலகூடம் நுழைவாசலுக்குப் பக்கத்தில் அமைந்த வண்டியே உங்களுக்கு உகந்தது. புறப்படும்போது நன்னீர்த் தாங்கியில் ஒரு 20 லீற்றர் ஊற்றிக்கொண்டால், பம்பைப் போட்டு வழியில் பாவிக்கலாம். தாங்கியை முழுக்க நிரப்பத் தேவையில்லை, 150 லீற்றர் தண்ணீர் என்றால் 150 கிலோ. இந்த வசதி வீண் ஆடம்பரம் என்று எண்ணவேண்டாம். நீங்கள் போகும் வழியில் சூ செயின்ட் மரி நகரிலிருந்து வாவா என்ற ஊர் வரை 225 கிலோமீற்றர், அங்கிருந்து வைற் றிவர் வரை இன்னுமொரு 90 கிலோமீற்றர், பெரும்பாலும் காடும் ஏரியுந்தான்.

பொடிக்கார பாஸ் (கல்முனை) எழுதியது:

நான் இந்த வண்டிகளை நேரில் கண்டதில்லை. லொறிக்கும் உழவு மெசின் பெட்டிக்கும் பொடி கட்டுபவன் என்ற அளவில் இரண்டு விடயங்கள் சொல்லலாம்.

முதலாவது, பக்கச் சுவரில் ஆறடிக்கும் பத்தடிக்கும் வாசல் வெட்டினால், அந்தச் சுவர் தாங்கிய பாரத்தை வேறெதிலாவது ஏற்றியாக வேண்டும். அதற்குக் கீழே சட்டத்தைத் தடிப்பாக்க வேண்டும், மேலே குறுக்குத் தீராந்தி வைக்க வேண்டும், மோட்டரும் தண்டவாளமும் போட வேண்டும். ஆகவே ஒவ்வொரு லாச்சியும் வண்டியின் பாரத்தைச் சில நூறு இறாத்தல் கூட்டாமல் விடாது. வெட்டிய வாசலைச் சுற்றி றப்பர் வரும். றப்பர் வெயிலில் காய்ந்து வெடிக்கும் பொருள். மழை பெய்து ஓய்ந்த பின், லாச்சியின் கூரையில் நிற்கும் தண்ணீரையும் இலை குப்பையையும் துடைக்காமல் உள்ளே இழுத்தால், எல்லாம் கட்டில் மேல்தான் வந்து விழும்.

இரண்டாவது, பாரம் எங்கே இருக்கிறது என்பது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளை மெசின் பெட்டியின் பின்பக்கம் அடுக்கிவிட்டு, கொளுக்கி மேலே கிளம்பி மெசினைத் தூக்கப் பார்த்ததை எங்கள் பக்கத்து வயற்காரர் எல்லோரும் கண்டிருப்பார்கள். இதுவும் அதே நியாயந்தான். குசினியும் தாங்கியும் பெரிய லாச்சியும் எல்லாம் அச்சுக்குப் பின்னால் இருக்கும் படத்தைக் கண்டால் கவனமாக இருங்கள். கொளுக்கியில் பாரம் போதாத வண்டி, வேகத்தில் வாலை ஆட்டும்.

ஆரையூரான் எழுதியது:

பாஸ் சொன்னது சரி. இங்கே அந்தக் கொளுக்கிப் பாரம் ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் உங்கள் ஆறு பேருக்கு அது மறுபக்கத்தால் இடிக்கும், கொளுக்கிப் பாரம் பிக்கப்பின் மேல்தான் அமர்வது. சாமானோடு 2,700 கிலோ வரும் ட்ரெயிலருக்கு 12 வீதம் 324 கிலோ. பெரியவர்கள் நால்வர் 280, பிள்ளைகள் இருவர் 60, கொளுக்கிச் சாதனம் 40 என்று கூட்டினால் 704 கிலோ ஆகிவிடுகிறது. பிக்கப்பின் சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்ந்து 680 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்று எழுதியிருந்தால், பெட்டி படுக்கை ஏற்ற முன்னரே கணக்கு முடிந்துவிட்டது. 'இவ்வளவு பாரம் இழுக்கும்' என்று விளம்பரத்தில் சொல்லும் தொகையை நம்பி ஏமாறுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். லாச்சி ஒன்று குறைந்தால் பெரும்பாலும் கொளுக்கியிலும் குறையும்.

லாச்சியே இல்லாத வண்டிகளும் உண்டு. 1931 இல் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம், அந்த வெள்ளி நிற வட்டக்கூரை வண்டி, இன்றைக்கும் லாச்சி வைக்காமலே விற்கிறது. விலையைக் கேட்டால்தான் எங்களுக்குத் தலை சுற்றும்.

தம்பிலுவில் மகள் (அக்கரைப்பற்று) எழுதியது:

ஐயா, லாச்சியே வேண்டாம் என்ற முடிவுக்கு இவர்கள் உங்களைக் கொண்டுபோய் விடுவார்களோ என்று பயந்து எழுதுகிறேன். கல்கரியில் இருக்கும் அக்காவோடு ஒரு கோடை விடுமுறை முழுவதும் லாச்சி இல்லாத ட்ரெயிலரில் அலைந்தவள் நான். வெயில் நாளில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. சமையல் முதற்கொண்டு எல்லாம் வெளியேதான் நடந்தது. பிறகு மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. ஒருவர் தேத்தண்ணி ஊற்ற எழுந்தால், மற்ற நான்கு பேரும் கட்டிலில் கால் மடக்கி இருக்க வேண்டும். ஈரச் சப்பாத்துகள் ஒரு மூலையில், பிள்ளைகளின் சண்டை மறு மூலையில். அத்தான் இரவு பிக்கப்புக்குள் போய்ப் படுத்தார்.

நீங்கள் ஆறு பேர். ஆகையால் சாப்பாட்டு மேசை மட்டும் வெளியே போகும் ஒற்றை லாச்சியுள்ள வண்டியைப் பாருங்கள். கட்டிலும் மலசலகூடமும் குளிர்சாதனப் பெட்டியும் அசையாத பகுதியில் இருக்கட்டும். பிள்ளைகளின் அடுக்குக் கட்டில் பின்பக்கத்தில் நிலையாக அமைந்திருந்தால், வழியில் அம்மா அதன் கீழ்த்தட்டிலேயே காலை நீட்டிக்கொள்ளலாம். பகலில் சோபாவாகவும் இரவில் சுவரிலிருந்து சாய்ந்து கட்டிலாகவும் வரும் அமைப்பு படத்தில் கெட்டித்தனமாகத் தெரியும். அக்கா வீட்டார் பின்னர் வாங்கிய வண்டியில் அது இருந்தது. எதிரேயுள்ள லாச்சி மூடியிருந்தால் கட்டிலை இறக்க முடியாது. கேட்டுப் பார்க்காமல் வாங்கிவிட்டார்கள்.

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருமகன் மூன்று லாச்சிகளின் ஆழத்தையும் கேட்டு அனுப்பிய பிறகு, நேற்றுக் காலை வெயில் ஏற முன்னர் எங்கள் சீமெந்து முற்றத்தில் வெண்கட்டியால் மூன்று படங்களையும் முழு அளவில் வரைந்தேன். மூடிய லாச்சி வரும் இடத்தில் இரண்டு வாங்குகளைப் போட்டு, குசினி மேடைக்குப் பழைய மேசையை இழுத்து வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவாகக் கடதாசி மட்டை ஒன்றை மகனின் கையில் கொடுத்து நிற்க வைத்தோம். மனைவி கைத்தடியோடு வாசல் என்று கீறிய கோட்டால் ஏறினார்.

முதற் படத்தில் இரண்டடி நடந்ததும் வாங்கில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டார். நடு மேடை இருந்ததும் அந்தப் படந்தான். இரண்டாவதில் மலசலகூடம் வரை போனார்; ஆனால் அதன் கதவு வெளிப்பக்கம் திறப்பது, மூடிய லாச்சியின் மூலை அதைப் பாதியில் தடுக்கிறது. இதை நான் தாளில் மூன்று முறை பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை என்பதை, முப்பது வருடம் கோடு கீறியவன் என்ற முறையில் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது, தம்பிலுவில் மகள் சொன்ன மாதிரியே மேசைக்கு மட்டும் லாச்சி உள்ளது. வாசலில் ஏறி இடப்பக்கம் திரும்பினால் மலசலகூடம், அதற்கப்பால் அடுக்குக் கட்டில். நடைவழி 26 அங்குலம். அதில் அவர் போய் வந்து, கீழ்த்தட்டுக்குப் போட்ட பாயில் சாய்ந்தும் பார்த்தார்.

எழும்பி வந்தவர் கேட்டது, நாங்கள் எவரும் கேட்காத ஒன்றை: "இதெல்லாம் சரி, நிலத்திலிருந்து வாசலுக்கு எத்தனை படி, பிடிக்கக் கம்பி இருக்கிறதா?" மூன்று படங்களிலும் அதற்குப் பதில் இல்லை. மருமகனிடம் படியின் உயரத்தை அளந்து சொல்லவும், சாரதிக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பவும் கேட்டிருக்கிறேன். அங்கே இப்போது இரவு. நாளைக்கு வந்ததும் இரண்டு தொகைகளையும் இங்கே இடுகிறேன், ஆரையூரான் தம்பி ஒரு முறை கூட்டிப் பார்க்கவும்.